யாருக்கு எத்தனை ஆண்டு?

செத்த வீட்டில் வயதைக் கேட்பது நமது வழக்கம். எண்பது என்று பதில் வந்தால், "நிறைவாக வாழ்ந்துவிட்டார், கலியாணச் சாவு" என்று ஆறுதல் சொல்கிறோம். நாற்பது என்றால், "ஐயோ, சாகிற வயதா!" என்று கைபிசைகிறோம். சாகிற வயது என்று ஒன்று உண்டு, அதற்கு முந்தியது அநியாயம், பிந்தியது இலாபம் என்ற எண்ணம் நம் பேச்சில் ஊறிக் கிடக்கிறது. முன்னெல்லாம் அந்த வயதை ஊர்ப் பெரியவர்கள் குத்துமதிப்பாகச் சொன்னார்கள். இப்போது அதற்கு ஓர் எண் கிடைத்திருக்கிறது. பாடப் புத்தகத்திலும் பத்திரிகையிலும் 'ஆயுள் எதிர்பார்ப்பு' என்ற பெயரில் அது வருகிறது. 2011 முதல் 2013 வரையான காலத்துக்கு நமது தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் கணித்த ஆயுள் அட்டவணைப்படி, இலங்கையில் அது ஆண்களுக்கு 72, பெண்களுக்கு ஏறக்குறைய 79.

இந்த எண்ணைக் கேட்டவுடன், எழுபது வயது நடந்துகொண்டிருக்கும் ஒருவர் "அப்படியானால் எனக்கு இன்னும் இரண்டு வருடம்" என்று விரலை மடக்குகிறார். எண்பதைத் தாண்டிய பாட்டியைப் பார்த்துப் பேரன், "பாட்டிக்கு இப்போது போனஸ் நடக்கிறது" என்று பகிடி பண்ணுகிறான். பகிடி பகிடியாக இருக்கும்வரை கவலை இல்லை. அதே எண் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றுகொண்டு, "இந்த வயதில் இவருக்குச் செலவழிப்பது நியாயமா?" என்று கேட்கத் தொடங்கினால், அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை ஒரு கிறிஸ்தவக் குடும்பம் அறிந்து வைத்திருக்க வேண்டும்.

இந்தக் கணக்கு கோவில் புத்தகங்களிலிருந்து பிறந்தது என்றால் நம்மில் பலர் வியப்படைவார்கள். ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பங்குதோறும் பதிந்து வைக்கும்படி திரிதெந்து பொதுச்சங்கம் 1563இல் விதித்தது. 1614இல் ஐந்தாம் பவுல் பாப்பரசர் வெளியிட்ட உரோமைச் சடங்கு நூல், மரித்தோருக்கும் ஒரு பதிவேடு வேண்டும் என்றது. பிரிந்த சகோதரர்களின் சபைகளிலும் இவ்வழக்கம் இருந்தது. லண்டன் நகரப் பங்குகளின் மரணப் பட்டியல்களை ஆராய்ந்து ஜோன் கிராண்ட் என்ற துணி வியாபாரி 1662இல் ஒரு நூல் எழுதினார். இன்று போலந்தில் இருக்கும் பிரெஸ்லாவ் நகரில் காஸ்பர் நோய்மன் என்ற லூத்தரன் போதகர் திரட்டிய பிறப்பு இறப்பு விபரங்களை வைத்து, வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்த எட்மண்ட் ஹாலி 1693இல் ஓர் ஆயுள் அட்டவணை தயாரித்தார். சாகும்வரை ஒருவருக்கு ஆண்டுதோறும் பணம் தருவதென்றால் அதற்கு இன்று எவ்வளவு வாங்க வேண்டும் என்று வியாபாரிகள் அறிய அது உதவியது.

'எதிர்பார்ப்பு' என்ற சொல் வந்த வழி இன்னும் வேடிக்கையானது. அது பகடையாட்டத்திலிருந்து வந்தது. ஆட்டம் நடக்கும்போது ஒருவனுக்குச் சராசரியாக வரக்கூடிய பங்கு எவ்வளவு என்ற கணக்கை டச்சு அறிஞர் கிறிஸ்தியான் ஹைகன்ஸ் 1657இல் வெளியிட்டார். 1669இல் அவரும் அவர் தம்பியும் கிராண்டின் பட்டியலை எடுத்து, அதே கணக்கை மனித ஆயுளுக்குப் போட்டுப் பார்த்துக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். ஆகவே இந்தச் சொல்லில் இருக்கும் எதிர்பார்ப்பை, பிள்ளையை எதிர்பார்த்திருக்கும் தாயின் எதிர்பார்ப்போடு குழப்பக்கூடாது. உயிர்ப்பை நோக்கியிருக்கும் விசுவாசியின் நம்பிக்கையோடு ஒருபோதும் குழப்பக்கூடாது. இது சராசரி. அவ்வளவுதான்.

சராசரி என்ற சொல்லை நாம் மெல்லாமலே விழுங்கிவிடுகிறோம். பழைய காலத்து லயம் ஒன்றில் பிறந்த பத்துப் பிள்ளைகளைக் கணக்குக்காக எண்ணிப் பார்ப்போம். மூவர் ஒரு வயது நிறையுமுன் இறந்துவிட்டார்கள். அவர்களுக்குச் சைபர் என்று போடுவோம். ஒரு பிள்ளை நான்கு வயதில் வயிற்றோட்டத்தில் போயிற்று. ஒருத்தி 26 வயதில் பிள்ளைப்பேற்றில் மாண்டாள். மீதி ஐவர் 58, 63, 66, 70, 73 வயதுகளில் கண்ணை மூடினார்கள். எல்லாவற்றையும் கூட்டினால் 360 ஆண்டு. பத்தால் பிரித்தால் 36. இந்த லயத்தின் ஆயுள் எதிர்பார்ப்பு 36! ஆனால் 36 வயதில் யாராவது இறந்தார்களா? அதற்குக் கிட்டவாவது இறந்தார்களா? 26க்கும் 58க்கும் இடையில் ஒரு சாவுகூட இல்லை. அந்த மூன்று சிசுக்களும் பிழைத்து அறுபது வயதுவரை இருந்திருந்தால், கிழவர்களில் ஒருவர்கூட ஒருநாள் அதிகம் வாழாமலே, சராசரி 54 ஆகியிருக்கும்.

முற்காலத்தில் மனிதர் நாற்பதிலேயே கிழடாகிச் செத்தார்கள் என்று பள்ளிப் பிள்ளைகள் ஒப்புவிப்பதற்கு இந்தத் தப்பர்த்தமே காரணம். 90ஆம் திருப்பாடலைப் பாடியவர் மனித வாழ்நாளை எழுபது என்றும், வலுவுள்ளவருக்கு எண்பது என்றும் மதிப்பிடுகிறார். அவர் நாளில் யாராவது கணக்கெடுத்திருந்தால் சராசரி அதில் பாதிகூட வந்திருக்காது. இரண்டுக்கும் முரண்பாடு இல்லை. திருப்பாடல் முதுமை எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்கிறது. சராசரியோ பெரும்பாலும் தொட்டிலையே பார்க்கிறது. இயேசு பாலனைக் கோவிலில் காணிக்கையாக்கியபோது அங்கே நின்ற விதவை அன்னாவுக்கு 84 வயது என்று லூக்கா எழுதுகிறார். அன்றும் பாட்டிமார் இருந்தார்கள். இதே காரணத்தால்தான் நமது எழுபது வயதுக்காரர் விரல் மடக்கியதும் பிழை. 72 என்பது பிறக்கும் குழந்தைக்குப் போட்ட எண். குழந்தைப் பருவத்து ஆபத்துகளையும் வாலிப வயது விபத்துகளையும் கடந்து அறுபதுக்கு வந்துவிட்ட ஒருவருக்கு, இந்நாட்டில் சராசரியாக இன்னும் ஏறத்தாழ இருபது ஆண்டு உண்டு.

இன்னொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. 1946இல் இலங்கையின் ஆயுள் எதிர்பார்ப்பு ஏறக்குறைய 43. அடுத்த ஆண்டு, 1947இல், அது ஏறக்குறைய 52. ஒரே வருடத்தில் ஒன்பது ஆண்டு! ஒரு வருடம் ஓடுவதற்குள் யார் ஒன்பது வருடம் கூட வாழ்ந்து காட்டினார்? ஒருவருமில்லை. கணக்குப் போடும் முறை அப்படி. ஓராண்டில் ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் இறந்தார்கள் என்று பார்க்கிறார்கள். பிறகு நூறாயிரம் குழந்தைகளைக் கற்பனைசெய்து, தொட்டில் முதல் சேமக்காலை வரை அவர்கள் அந்த ஓராண்டின் நிலைமையிலேயே நடந்துபோவதாக வைத்துக்கொள்கிறார்கள். புதிய மருந்து வராது, புதிய பஞ்சமும் வராது, வீதி போடப்படாது, கிளினிக் மூடப்படாது. அந்தக் கற்பனைக் குழந்தைகளின் சராசரி வயதே ஆயுள் எதிர்பார்ப்பு. 1946இல் பிறந்து, எண்பதை அண்டிய வயதிலும் கோலை ஊன்றிக்கொண்டு பூசைக்கு வருகிற பெரியவர்கள் நம் பங்குகளில் இருக்கிறார்கள். அவர்கள் பிறந்தபோது நாடு அவர்களுக்குப் போட்டிருந்த எண் 43. அது தீர்க்கதரிசனமாக இருந்திருந்தால் அது பொய்த்த தீர்க்கதரிசனம். அது அப்படி இருக்கவில்லை. 1946இல் இந்நாட்டில் சாவு எப்படி நடந்தது என்பதற்கு எழுதிவைத்த சாட்சியம் அது.

அந்தச் சாவுகளை மொனராகலைப் பகுதியார்க்கு விளக்க வேண்டியதில்லை. வெல்லஸ்ஸ என்றால் நூறாயிரம் வயல். 1817-18 ஊவாக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது அந்த வயல்கள் எரிந்தன, குளங்கள் பாழாயின, காடு ஏறிற்று, காய்ச்சல் குடியேறிற்று. 1959இல் பதுளையிலிருந்து பிரித்து மொனராகலையைத் தனி மாவட்டமாக்கிய பிறகும், அங்கே மாற்றம் கிடைத்த உத்தியோகத்தர் யானையைவிட நுளம்புக்கே அதிகம் பயந்தார். நாடளாவிய கணக்கும் அப்படித்தான். 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் மாண்டவர் சுமார் 80,000 பேர். 1935இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு 263 குழந்தைகள் முதலாம் பிறந்தநாளைக் காணாமலே போயின. 1946இலும் அந்த எண்ணிக்கை 141. அதே ஆண்டில் ஆயிரம் பிள்ளைப்பேறுகளுக்குப் பதினைந்து தாய்மார் இறந்தார்கள். உலகில் பெரும்பாலான இடங்களில் பெண்கள் ஆண்களைவிட நீண்டகாலம் வாழ்கையில், இலங்கையில் 1960களின் தொடக்கம்வரை ஆண்களே முந்தியிருந்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

1945, 1946இல் வீடுவீடாக டி.டி.ரி. மருந்து தெளிக்கத் தொடங்கினார்கள். அந்த ஒன்பது ஆண்டு உயர்வுக்கு டி.டி.ரி. மட்டுமா காரணம், இலவச வைத்தியமும் பங்கீட்டு அரிசியும் மருத்துவ மாதரின் சேவையும் சேர்ந்தா என்று அறிஞர்கள் நெடுநாள் வாதிட்டார்கள். எதுவானாலும் மனிதக் கைகள் செய்தவை அவை. 2016 செப்டம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்தது. ஆயுள் ஆண்டவர் கையில் என்று நாம் சொல்வது உண்மையே. ஆனால் 1946க்கும் 1947க்கும் இடையில் ஆண்டவர் மனம் மாறிவிட்டார் என்று எந்த விசுவாசி சொல்லுவான்? குழந்தை இறந்த வீட்டில் "அதன் விதி அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு வருவது பக்திபோலத் தோன்றும். மருத்துவ மாது வர வழியில்லாத இடத்தில் அது பக்தி அல்ல, சாக்கு. வைத்தியரைக் கனம்பண்ணும்படி சீராக்கின் ஞானம் தன் 38ஆம் அதிகாரத்தில் சொல்வது வீணுக்கல்லவே. சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று எண்ணுவதை ஆண்டவர் அடியோடு மறுத்தார். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண் மூடியபோதும் "நேரம் வந்துவிட்டது" என்று சொன்னவர்கள் உண்டு. அந்தச் சரிவு ஆபத்தானது என்று பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது.

இனி நமக்கு மிக நெருங்கிய விஷயத்துக்கு வருகிறேன்.

1970களில் இலங்கையின் ஆயுள் எதிர்பார்ப்பு 65ஐத் தாண்டியிருந்தது. ஏழை நாடாயிருந்தும் பணக்கார நாடுகளை அண்டிவிட்டதே என்று உலகம் வியந்தது. 1979இல் மொரிஸ் டேவிட் மொரிஸ் என்ற அறிஞர் ஆயுளையும் குழந்தை இறப்பையும் எழுத்தறிவையும் சேர்த்து ஒரு வாழ்க்கைத்தரச் சுட்டெண் வெளியிட்டபோது, இலங்கை அதில் உயர்ந்த இடம் பெற்றது. புகழ் பொய்யல்ல. ஆனால் அதே பத்தாண்டின் நடுவில் தோட்டங்களில் என்ன நடந்தது? 1973இன் பிற்பகுதியில் உலகச் சந்தையில் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஏற, பங்கீட்டு அரிசி குறைந்தது. கோதுமை மாவும் அளவுக்கு வந்தது. கிராமத்தவனுக்கு ஒரு மரவள்ளிப் பாத்தியாவது இருந்தது. லயத்துக்காரனுக்குச் சம்பளமும் பங்கீடும் தவிர வேறொன்றும் இல்லை. வாசலில் ஒரு முருங்கை நட்டால்கூட அது நின்ற நிலம் அவனுடையதல்ல. 1974இல் நாடு முழுவதையும் எடுத்தால் ஆயிரம் குழந்தைகளில் ஐம்பது அளவில் இறந்தன; தோட்டங்களில் நூறுக்கும் மேல். பெரியவர்களும் பசியோடு வந்த நோய்களில் விழுந்தார்கள். பதுளை மறைமாவட்டம் உருவாகி அப்போது இரண்டு ஆண்டுதான். கண்டி ஆயர் பீடத்தை விட்டு, ஏழ்மைமிக்க இந்தப் பதுளை, மொனராகலை மாவட்டங்களுக்கு வந்த நமது முதல் ஆயர் லியோ நாணயக்கார ஆண்டகையின் பணிக்காலம் அந்தப் பஞ்சத்தோடுதான் தொடங்கிற்று. 1982இல் அவர் இறையடி சேர்ந்தார்.

சராசரி என்ன செய்தது தெரியுமா? அந்தத் தோட்டத்துக் குழந்தைகளை விழுங்கிவிட்டு, நல்ல எண்ணாகவே தலைநிமிர்ந்து நின்றது. நாட்டின் சனத்தொகையில் தோட்ட மக்கள் சிறு பங்கு. 1948ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் அவர்களில் பெரும்பாலோர் பிரசைகளாகவும் இருக்கவில்லை, தேர்தலில் எண்ணப்படாதவர்கள். சராசரியில் எண்ணப்பட்டார்கள், ஆனால் பெரிய கூட்டலில் கரைந்துபோனார்கள். பெரியதொரு தொகையில் சிறு துயரம் கரையும் என்பது கணக்கின் குற்றமல்ல. அந்தத் தொகையை மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டவர்களின் குற்றம். தோட்டங்களிலும் குழந்தை இறப்பு அதன்பின் பெரிதும் குறைந்திருக்கிறது என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஆறில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தபோது, தோட்டங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அப்படி இருந்தார். கிராந்துருகோட்டை முதலிய இடங்களில் விவசாயம் செய்யும் நடுவயது ஆண்களைச் சிறுநீரக நோய் வாட்டுவதையும் நாட்டின் சராசரி காட்டுவதில்லை. ஆகையால், "நமது ஆயுள் எதிர்பார்ப்பு உயர்ந்துவிட்டது" என்று யாராவது மேடையில் சொல்லும்போது, "யாருடையது?" என்று மரியாதையாக ஒரு கேள்வி கேட்கலாம்.

சராசரியின் இன்னொரு தீங்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. மலைநாட்டில் இதை அனுபவத்தால் அறிவோம். ஒரு மலையில் சராசரியாக ஒருத்தி இத்தனை கிலோ கொழுந்து எடுக்கிறாள் என்பது வெறும் விபரம். அதையே நிர்ணயமாக்கி, அதற்குக் குறைந்தவளுக்கு அரைப்பேர் போடும்போது அது தீர்ப்பாகிவிடுகிறது. கொழுந்து இல்லாத மலையில் நின்றவளும் அரைப்பேர்தான், காய்ச்சலோடு வந்தவளும் அரைப்பேர்தான். ஆயுள் எதிர்பார்ப்பையும் நாம் வீட்டுக்குள் அப்படியே பாவிக்கிறோம். எண்பது வயதுத் தகப்பனுக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறது. ஒரு சிறு சத்திரசிகிச்சையில் சரியாகும். "இனி எதற்கு?" என்கிறார் மூத்த மகன். கட்டிலிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்த தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் எண்ணெய் பூசிப் படுக்க வைத்துவிடுகிறார்கள். "நாட்டுச் சராசரியையே தாண்டிவிட்டாவே!" சராசரியைத் தாண்டியவருக்கு அரைப்பேர்.

திருச்சபையின் போதனை இங்கே மிகவும் நிதானமானது. 1957 நவம்பரில் பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசர், மயக்கமருந்து வைத்தியர்களின் கேள்விகளுக்குப் பதிலளித்தபோது, உயிரைக் காக்க வழக்கமான வழிகளைக் கையாளும் கடமை உண்டு என்றும், நோயாளிக்கோ மற்றவர்க்கோ கடும் பாரமாகும் அசாதாரண வழிகளை நாடும் கட்டாயம் இல்லை என்றும் விளக்கினார். விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1980இல் வெளியிட்ட அறிக்கை, சிகிச்சையின் தன்மை, அதிலுள்ள ஆபத்து, செலவு, கிடைக்கக்கூடிய பலன், நோயாளியின் உடல், மன வலிமை ஆகியவற்றை எடைபோடச் சொன்னது. எனவே, சாகும் தறுவாயிலுள்ள தொண்ணூறு வயதுக்காரரை இயந்திரங்களோடு பிணைக்க வேண்டியதில்லை. முப்பது வயதுக்காரரையும் அப்படித்தான். தீர்மானிப்பது அந்தச் சிகிச்சை இந்த மனிதருக்கு என்ன செய்யும் என்பதே. நூறாயிரம் கற்பனைக் குழந்தைகளின் சராசரி அந்த எடைக்கல்லில் சேராது. கண் சத்திரசிகிச்சை அசாதாரண வழியும் அல்ல. செபப் புத்தகத்தை மீண்டும் வாசிக்கக் கிடைக்கும் இரண்டு வருடம் அற்பமும் அல்ல. 1999இல் முதியோருக்கு ஒரு மடல் எழுதிய இரண்டாம் அருளப்பர் சின்னப்பருக்கு அப்போது வயது 79.

குறைந்த ஆயுளுள்ள புனிதர்களைக் காட்டி, "வருடத்தை எண்ணாதே, வாழ்ந்த விதத்தைப் பார்" என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். சரிதான். குழந்தை இயேசுவின் புனித தெரேசா 1897இல் 24 வயதில் இறந்தார். கண்டியில் பெரியம்மை பரவியபோது நோயாளரைத் தேடிப்போன புனித யோசே வாஸ் 1711இல் இறந்தபோது அறுபது நிறையவில்லை. நமது ஆண்டவரோ முப்பத்து மூன்று என்று மரபு சொல்லும். ஆனால் தெரேசாவின் புனிதம் காசநோயை நியாயப்படுத்தாது. தன் உயிரைத் தானே கொடுப்பது ஒன்று, பிறருடைய அசட்டையால் உயிர் பறிபோவது வேறொன்று. பின்னதற்கு முன்னதின் பெயரைச் சூட்டிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விட முடியாது.

தன் ஆயுள் எத்தனை ஆண்டென்று துல்லியமாக அறிந்த ஒருவரைப் பற்றி எசாயா ஆகமம் சொல்கிறது. நோயுற்ற எசேக்கியா அரசர் கண்ணீர்விட்டு மன்றாட, பதினைந்து ஆண்டு கூட்டிக் கொடுக்கப்பட்டது. இது சராசரி அல்ல, வாக்குறுதி. அதை அவர் என்ன செய்தார்? அடுத்த அதிகாரத்திலேயே பாபிலோனியத் தூதர்களுக்குக் கருவூலத்தைத் திறந்து பெருமை காட்டுகிறார். இதனால் உன் சந்ததி சிறைபோகும் என்று இறைவாக்கினர் எச்சரித்தபோது, தன் நாளில் சமாதானம் இருந்தால் போதும் என்று ஆறுதலடைகிறார்! ஆண்டுகள் கூடின, அடுத்தவர் பிள்ளையைப் பற்றிய கவலை கூடவில்லை. அதே ஆகமத்தின் 65ஆம் அதிகாரம் புதிய எருசலேமை வருணிக்கும்போது ஆயுளைப் பற்றி மறுபடியும் பேசுகிறது. அங்கே சில நாளே வாழ்ந்து மறையும் சிசு இராது. தன் நாட்களை நிறைவுசெய்யாத முதியவரும் இரார். ஒருவர் கட்டிய வீட்டில் அவரே குடியிருப்பார். ஒருவர் நட்டதை இன்னொருவர் தின்னமாட்டார். தொட்டிலையும் முதுமையையும் வீட்டையும் தோட்டத்தையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்ன இறைவாக்கினர், லயத்தில் பிறந்து, பிறர் காணியில் நட்டு, பிறர் கட்டிய காம்பராவில் கண்ணை மூடிய நம்மவர்களைப் பார்த்தே எழுதினாரோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஆயுளுக்கும் சோற்றுக்கும் உள்ள சம்பந்தம் ஊழியர் சேமலாப நிதியிலும் தெரிகிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பணத்தை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம். சட்டம் வந்தபோது நாட்டின் ஆயுள் எதிர்பார்ப்பு அறுபது அளவில் இருந்தது. 2021ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் துறையின் ஓய்வு வயதை அறுபதுக்கு உயர்த்தியது. சேமலாபத்தை எடுக்கும் வயது உயரவில்லை. கொழுந்துக் கூடையையோ றப்பர்ப் பால் வாளியையோ ஐம்பதில் இறக்கி வைக்கும் ஒருத்திக்கு இன்று சராசரியாக முப்பது ஆண்டு முன்னே இருக்கிறது. கையில் வருவது ஒரே தொகை. மாதாமாதம் வரும் ஓய்வூதியம் இல்லை. மகளின் கலியாணம், அடகு நகை, கூரைத் தகரம், மகனின் வெளிநாட்டு ஏஜென்சி என்று இரண்டு வருடத்தில் அது கரைகிறது. பிறகு இருபத்தெட்டு வருடம். நீண்ட ஆயுளை ஆசீர்வாதம் என்று நாம் வாழ்த்துகிறோம். அந்த ஆயுளுக்கு அரிசி யார் போடுவது என்பது குடும்பச் செபத்துக்குப் பிறகு பாயை விரிக்குமுன் பேசவேண்டிய பேச்சு. பணம் வந்த பிறகு பேசுவதைவிட, வருவதற்கு ஐந்து வருடம் முன்பே பேசுவது நல்லது. அந்தப் பேச்சில் பணத்துக்குரியவளும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நவம்பர் மாதத்தில் சேமக்காலைக்குப் போய் மெழுகுதிரி ஏற்றி வருகிறோம். அதே மாதத்தில் இளைஞர் கழகத்தார் இன்னொன்றும் செய்யலாம். பங்கின் மரித்தோர் பதிவேட்டில் வயது என்று ஒரு நிரல் உண்டு. பங்குத்தந்தையின் அனுமதியோடு, பெயர்களைத் தொடாமல், வயதுகளை மட்டும் ஆண்டுவாரியாக ஒரு கொப்பியில் எழுதினால் இரண்டு ஞாயிறு பின்னேரத்தில் முடிந்துவிடும். 1974க்குரிய பக்கத்தைத் தனியாகப் பாருங்கள். நாட்களிலும் மாதங்களிலும் எழுதப்பட்ட வயதுகள் எந்தப் பக்கத்துக்குப் பிறகு அருகுகின்றன என்று பாருங்கள். ஞானஸ்நானத்துக்கு முன்பே போய்விட்ட சிசுக்கள் பதிவேட்டில் ஏறியிருக்காது. சேமக்காலையில் சிறிய குழிகள் வெட்டிய மூலை எதுவென்று தோட்டத்து வயதான தாய்மாருக்குத் தெரியும். அவர்களில் இருவரை அழைத்து அருகில் உட்காரவைத்துக்கொண்டு எழுதுங்கள்.